340 கிலோமீட்டர் பறக்க எத்தனை நிமிடம்?

தீபாவளியோ பொங்கலோ நெருங்கினால் பெங்களூரில் இருக்கும் நம்மவர்கள் பேச்சில் இரண்டு விஷயம் தவறாமல் வரும். ஒன்று ஆம்னி பஸ் கட்டணம். இன்னொன்று, "பேசாம பிளேன்லயே போயிடலாம், அரை மணி நேரம்தானே" என்ற யோசனை. வாட்ஸாப் குழுவில் யாராவது ஒருவர், தொலைவுக் கணக்குப் போட்டுத் தரும் தளத்திலிருந்து ஒரு படத்தைப் போடுவார்: சேலம் விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையம், 340 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 26 நிமிடம். "மடிவாளாவுல பஸ் ஏறி சில்க் போர்டு தாண்டவே அவ்வளவு நேரம் ஆகுமே" என்று ஒருவர் வியப்பார். இன்னொருவர் டிக்கெட் தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இங்க ஆறு மணி நேரம்னு போட்டிருக்கான்" என்பார். அப்புறம் அந்தப் பேச்சு விமானக் கம்பெனிகளைத் திட்டுவதில் போய் முடியும்.

26 நிமிடம் என்பதும் பொய் இல்லை, ஆறு மணி நேரம் என்பதும் பொய் இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். தொலைவு தெரிந்தால் வேகத்தால் வகுத்து நேரத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். சின்ன விமான நிலையங்களுக்கு நடுவே அந்த வகுத்தல் கைகொடுக்காது. ஏன் என்று பார்க்கலாம்.

முதலில் தூரம்: எந்தத் தூரம்?

வரைபடத்தில் இரண்டு ஊருக்கு நடுவே காட்டப்படும் கிலோமீட்டர் ஒன்றல்ல, மூன்று. சாலைத் தூரம் என்பது வண்டியின் மீட்டர் காட்டுவது. வான்வழித் தொலைவு என்பது இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே பூமியின் மேற்பரப்பில் போடக்கூடிய மிகக் குறுகிய கோடு. மூன்றாவது, விமானம் நிஜமாகவே பறந்த தூரம். தளங்கள் காட்டுவது பெரும்பாலும் இரண்டாவதை.

பூமி உருண்டை என்பதால் அந்தக் குறுகிய கோடு தட்டையான வரைபடத்தில் வளைந்து தெரியும் என்று நிறையப் பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மைதான். 2021 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வந்த ஏர் இந்தியா விமானம் வட துருவப் பகுதி வழியாக வந்ததற்கு அதுதான் காரணம். ஆனால் சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உருண்டையாவது தட்டையாவது, இரண்டும் ஒன்றுதான். இவ்வளவு குறைந்த தூரத்தில் வளைவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்த ஜோடியை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. இதன் தூரத்தை எந்தத் தளத்தின் உதவியும் இல்லாமல் கையாலேயே கணக்கிடலாம். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையமும், வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையமும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், 78 டிகிரியைச் சற்றே தாண்டி அமைந்திருக்கின்றன. அதாவது ஒன்றிலிருந்து நூல் பிடித்தது போலத் தெற்கே போனால் இன்னொன்று. சேலத்தின் அட்சரேகை 11 டிகிரி 47 நிமிடம். தூத்துக்குடியுடையது 8 டிகிரி 43 நிமிடம். இங்கே நிமிடம் என்பது கோணத்தின் அளவு. ஒரு டிகிரிக்கு 60. வித்தியாசம் 3 டிகிரி 4 நிமிடம், அதாவது 184 நிமிடம்.

விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் தூர அளவான நாட்டிக்கல் மைல், அட்சரேகையின் ஒரு நிமிடத்தை அடிப்படையாக வைத்து வந்தது. அதன் நீளம் 1.852 கிலோமீட்டர். ஆக 184 நாட்டிக்கல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் 340 கிலோமீட்டர் சொச்சம். தளம் சொன்ன அதே எண். தூரத்தைப் பொறுத்தவரை அந்தத் தளத்தின் மேல் பிழையே இல்லை.

நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை என்று சாலையில் போனால் இதைவிட முப்பது நாற்பது கிலோமீட்டர் கூட வரும். அந்த நெடுஞ்சாலையும் ஏறக்குறைய நேர்தெற்காகவே போவதால் வித்தியாசம் குறைவு. எல்லா ஊருக்கும் இப்படி அமையாது. பெங்களூர் கெம்பேகவுடா விமான நிலையத்திலிருந்து சேலம் நிலையத்துக்கு வான்வழியில் சுமார் 160 கிலோமீட்டர்தான். காரில் போனால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று சுற்றிக்கொண்டு 200-ஐத் தாண்டிவிடும்.

இந்த வான்வழித் தொலைவு வெறும் பொது அறிவுச் சமாச்சாரம் இல்லை, ஒப்பந்தங்களிலேயே இருக்கிறது. பெங்களூர் விமான நிலையத்துக்கான ஒப்பந்தத்தில், அது திறந்த 2008-லிருந்து 25 ஆண்டுகளுக்கு, 150 கிலோமீட்டர் வான்வழித் தொலைவுக்குள் மைசூரு, ஹாசன் தவிர வேறு போட்டி நிலையம் வரக் கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. 2024 ஜூனில் தமிழக முதல்வர் ஸ்டாலின் ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தபோது இந்த நிபந்தனை மறுபடி பேச்சானது. ஓசூர் அந்த 150-இல் பாதிகூட வராது. சேலம் பத்துப் பதினோரு கிலோமீட்டர் வித்தியாசத்தில் வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. சாலைத் தூரத்தை வைத்துக்கொண்டு இதைப் பற்றி வாதம் செய்பவர்களை எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது.

இதுவரை: தளங்கள் காட்டுவது வான்வழித் தொலைவு. அது நிலையத்துக்கு நிலையம், மிகக் குறுகிய கோட்டில். அந்த எண்ணை நம்பலாம். சிக்கல் நேரத்தில்தான் ஆரம்பிக்கிறது.

26 நிமிடம் எங்கிருந்து வந்தது?

340-ஐ 800-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கிப் பாருங்கள். 25.5 வரும். அவ்வளவுதான் ரகசியம். பெரிய ஜெட் விமானம் உயரத்தில் போகும்போது எட்டும் மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற வேகத்தை அந்தத் தளம் முழுத் தூரத்துக்கும் வைத்துவிட்டது. சில தளங்கள் கொஞ்சம் நேர்மையாக, ஏறி இறங்க என்று அரை மணி சேர்த்துக்கொள்ளும். பல தளங்கள் அதைச் செய்வதில்லை.

ஓசூர் சாலையில் சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை போகும் மேம்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 10 கிலோமீட்டர். மேலே ஏறிவிட்டால் பத்து நிமிடத்துக்குள் மறுமுனை. அந்த வேகத்தை வைத்துக்கொண்டு, "அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி இருபது கிலோமீட்டர், அதனால் இருபது நிமிடம்" என்று யாராவது சொன்னால் பெங்களூர்க்காரர் சிரித்துவிடுவார். பாலத்தின் மேல் ஓடுவது பயணத்தின் ஒரு துண்டுதான். ஏறும் இடத்துக்குப் போவது, சுங்கச்சாவடி, இறங்கியபின் வரும் சிக்னல் எல்லாம் தனிக் கணக்கு. இதில் இன்னொன்றும் உண்டு. பாலம் 100 கிலோமீட்டர் நீளமாக இருந்தால் அந்தத் தனிக் கணக்கு பெரிதாகத் தெரியாது. பாலம் சின்னது என்பதால்தான் அது மொத்தத்தையும் விழுங்குகிறது.

விமானத்திலும் அதே கதைதான். டிக்கெட்டில் அச்சாகும் புறப்பாடு, வருகை நேரங்களுக்கு நடுவில் இருப்பதை விமானத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். விமானம் நின்ற இடத்திலிருந்து அசையும் கணத்தில் அது தொடங்குகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் முழுதாக நிற்கும்போது முடிகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தரைப் பணியாளர் குனிந்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைத்திருக்கும் அடைப்புக் கட்டைகளை உருவி எடுத்துக்கொண்டு நகர்வார். விமானிக்குக் கட்டை விரலைக் காட்டுவார். கடிகாரம் கிட்டத்தட்ட அங்கே ஓட ஆரம்பிக்கிறது, சக்கரம் தரையை விட்டு எழும்போது அல்ல. நாம் "பறக்கும் நேரம்" என்று நினைப்பதும் டிக்கெட்டில் இருப்பதும் வேறு வேறு என்பது இதனால்தான்.

340 கிலோமீட்டரைப் பிரித்துப் போடுவோம்

சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே நேரடியாக ஒரு விமானம் போவதாக வைத்துக்கொள்வோம். விமானம் ஏடிஆர் 72. சின்ன ஊர்களுக்கு வருவது பெரும்பாலும் இதுதான்: இறக்கைக்குக் கீழே பெரிய விசிறி சுற்றும், எழுபது எழுபத்தெட்டுப் பேர் உட்காரலாம், பின்பக்கக் கதவோடு ஒட்டிய படியில் ஏற வேண்டும். இந்த வகைக்கு டர்போபிராப் என்று பெயர். ஜெட்டில் இருப்பது போன்ற ஒரு டர்பைன் எஞ்சின்தான், ஆனால் அது விசிறியைச் சுற்றித் தள்ளுகிறது. அதிகபட்ச வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். வசதியாக 480 என்று வைத்தால் நிமிடத்துக்கு 8 கிலோமீட்டர். இந்த 8-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தரையில். பெரிய நிலையங்களில் ஓடுபாதைக்கு இணையாக விமானம் நகர்ந்து போகத் தனிப் பாதை இருக்கும். சின்ன நிலையங்கள் பலவற்றில் அது கிடையாது. அதனால் விமானம் ஓடுபாதையிலேயே ஏறி, அதன் கடைசி வரை மெதுவாக உருண்டு போய், அங்கே முழுவட்டம் அடித்துத் திரும்பி, வந்த வழியைப் பார்த்து நிற்கும். இதற்குப் பேக்டிராக் என்று பெயர். முதல்முறை போகிறவர்கள், "என்னங்க, ரன்வே முழுக்க ஓடியும் மேல ஏறலையே" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது இந்த இடத்தில்தான். இதற்கும் எஞ்சின் சோதனைகளுக்கும் சேர்த்து ஆறு நிமிடம்.

அடுத்தது ஏற்றம். இவ்வளவு குறைந்த தூரத்துக்கு ஏடிஆர் 16,000 அடி வாக்கில் ஏறினால் போதும். நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்குச் சற்று மேல் என்று ஏறினாலே பதினைந்து நிமிடம் ஆகும். ஏறும்போது வேகமும் குறைவு, ஏனென்றால் எஞ்சினின் சக்தியில் பெரும்பங்கு உயரம் பிடிக்கப் போகிறது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் கடப்பது எண்பது கிலோமீட்டர் இருக்கும். சேலத்திலிருந்து கிளம்பியவர் கரூர் சுற்றுவட்டாரத்துக்கு வந்துவிட்டார்.

இறக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டாக வேண்டும். விமானிகள் மனக்கணக்காக வைத்திருக்கும் ஒரு விதி இருக்கிறது: ஒவ்வோர் ஆயிரம் அடி இறங்க மூன்று நாட்டிக்கல் மைல் வேண்டும், அதாவது ஐந்தரை கிலோமீட்டர். 16,000 அடியிலிருந்து இறங்க சுமார் 90 கிலோமீட்டர். தூத்துக்குடி இன்னும் 90 கிலோமீட்டர் இருக்கும்போதே, விருதுநகருக்குப் பக்கத்திலேயே, இறங்க ஆரம்பித்துவிட வேண்டும். அதற்கு ஒரு பதினைந்து நிமிடம்.

340-இல் ஏறுவதற்கு 80, இறங்குவதற்கு 90 போனால் மீதி 170. அதாவது முழு வேகத்தில், ஒரே உயரத்தில் பறப்பது பாதித் தூரம்தான். நிமிடத்துக்கு எட்டுக் கிலோமீட்டர் வீதம் 21 நிமிடம். சிற்றுண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் பணிப்பெண் கடைசி வரிசையை எட்டுவதற்குள் இருக்கை வார்ப்பட்டை விளக்கு மறுபடி எரிவது இதனால்தான்.

கடைசியில், ஓடுபாதையின் திசைக்கு விமானம் தன்னை நேராக்கிக்கொள்ள வேண்டும். விமானங்கள் எதிர்க்காற்றைப் பார்த்துத்தான் ஏறும், இறங்கும். எதிர்க்காற்று இறக்கையைத் தாங்குவதால் தரையில் ஓட வேண்டிய தூரம் குறையும். நாம் வடக்கிலிருந்து வருகிறோம், காற்று வேறொரு பக்கமிருந்து அடிக்கிறது என்றால், ஓடுபாதையின் சரியான முனைக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சராசரியாக ஆறு நிமிடம் வைக்கலாம். காற்று சாதகமாக இருந்தால் மூன்று, இல்லாவிட்டால் பத்து. அப்புறம் தரையிறங்கி, மறுபடி ஓடுபாதையிலேயே திரும்பி வந்து நிற்க நான்கு.

6, 15, 21, 15, 6, 4. கூட்டினால் 67 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு மேல். இதில் தளம் நினைத்த மாதிரி "பறந்தது" 21 நிமிடம்தான். நிமிடங்கள் தோராயமானவை, நாளுக்கு நாள், விமானத்தின் எடைக்கு எடை இரண்டு மூன்று நிமிடம் மாறும். விகிதம் பெரிதாக மாறாது.

ஜெட் அனுப்பினால் சீக்கிரம் போகாதா?

போகும், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. தரையில் உருள்வதற்கும் ஓடுபாதைக்கு நேராக வருவதற்கும் ஜெட்டுக்கும் அதே நேரம்தான். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 250 நாட்டிக்கல் மைலுக்கு மேல், அதாவது 460 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. ஜெட்டின் வேகம் அங்கேயே மட்டுப்பட்டுவிடும். 340 கிலோமீட்டருக்கு மிச்சமாவது பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் என்று போடலாம். பெங்களூரிலிருந்து டெல்லிக்கு 1,700 கிலோமீட்டர். அங்கே ஏடிஆர் அனுப்பினால் நான்கு மணி நேரம், ஜெட் இரண்டே முக்கால் மணி. வேகத்தின் அருமை தெரிவது அங்கேதான்.

ஓடுபாதையின் நீளமும் ஒரு காரணம். சேலத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். ஏடிஆருக்கு இது தாராளம், ஏர்பஸ் ஏ320 முழுச் சுமையோடு வந்து போக இரண்டு கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கும். தூத்துக்குடியில் வெகுகாலம் 1,350 மீட்டர்தான் இருந்தது. அதை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையத்தையும் திறந்தார்கள். ஆக, தூத்துக்குடியில் பெரிய ஜெட் இறங்கலாம், ஆனால் ஜோடியில் ஒன்று சின்னதாக இருந்தாலும் விமானத்தைத் தீர்மானிப்பது அந்தச் சின்னதுதான்.

காற்று பற்றியும் ஒரு வார்த்தை. "எதிர்க்காத்துல லேட்டாச்சு" என்று நாம் தாராளமாகச் சொல்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தாலும் அந்த 170 கிலோமீட்டரில் இழப்பது இரண்டு நிமிடம். நீண்ட பயணத்தில்தான் அது அரை மணி, ஒரு மணி என்று வளரும்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, கைக்கு அடக்கமாக ஒரு சூத்திரம் வைத்துக்கொள்ளலாம். ஏடிஆருக்கு: தொலைவை எட்டால் வகுத்து, 25-ஐக் கூட்டுங்கள். 340-ஐ எட்டால் வகுத்தால் 42. 25 சேர்த்தால் 67. நாம் துண்டு துண்டாகக் கூட்டியதும் அதுதான். இரண்டு முனையும் சின்ன நிலையமாக இருந்தால் இந்த 25 போதும்.

இதே சூத்திரத்தை உடான் திட்டத்தின் மேல் போட்டுப் பார்ப்பது வேடிக்கையாக இருக்கும். சின்ன ஊர்களை விமானத்தால் இணைக்க 2016-இல் அறிவித்த அந்தத் திட்டத்தில், "சுமார் 500 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய்" என்பதுதான் எல்லோர் மனதிலும் பதிந்த வரி. 2018-இல் சேலத்துக்கு விமானம் திரும்பி வந்ததும் அந்தத் திட்டத்தின் கீழ்தான். 500-ஐ எட்டால் வகுத்தால் 62 நிமிடம். அது வானத்து ஒரு மணி. டிக்கெட்டில் வரப்போவது ஒன்றரை மணி. அரசாங்கமே 500 கிலோமீட்டரையும் ஒரு மணியையும் சேர்த்துச் சொல்லிவிட்டதால் ஜனங்களைக் குறை சொல்ல முடியாது.

ஒரு முனை பெங்களூராக இருந்தால்

25 என்பது 35, 40 ஆகிவிடும். பெங்களூரில் கிழக்கு மேற்காக, தலா நான்கு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு ஓடுபாதைகள். நிற்கும் இடத்திலிருந்து ஓடுபாதை முனைக்கு உருண்டு போகவே பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். காலை நேரத்தில் முன்னால் நான்கைந்து விமானங்கள் வரிசையில் நிற்கும். மேற்கு நோக்கி ஏறினால் தெற்கே இருக்கும் ஊருக்குப் போக இடதுபுறம் திரும்ப வேண்டும், அதுவும் ஏர் டிராஃபிக் கன்ட்ரோல் சொல்லும் பாதையில். பக்கத்திலேயே எலகங்கா விமானப்படைத் தளம், நகருக்குள் பழைய ஹெச்ஏஎல் விமான நிலையம். நினைத்த இடத்தில் நினைத்தபடி திரும்ப முடியாது. வரும்போதும் அப்படித்தான்: இறங்க வரிசை இருந்தால் வானத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றவிடுவார்கள். நான் முன்னே சொன்ன மூன்றாவது தூரம், நிஜமாகப் பறந்த தூரம், வான்வழித் தொலைவை மிஞ்சுவது முக்கியமாக இந்த இரண்டு முனைகளிலும்தான்.

பெங்களூர்–தூத்துக்குடி வான்வழியில் கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். 62 நிமிடத்தோடு 35 சேர்த்தால் 97. பெங்களூர்–சேலம் 160 கிலோமீட்டர். 20 நிமிடத்தோடு 35 சேர்த்தால் 55. தூரம் மூன்று மடங்குக்கு மேல், நேரம் இரண்டு மடங்குகூட இல்லை.

கூடவே கம்பெனிகள் அட்டவணையில் கொஞ்சம் மிகையாகவே நேரத்தைப் போட்டுவைக்கும். அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் "சரியான நேரம்" என்றுதான் கணக்கு. அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள யாரும் விரும்புவதில்லை. இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பதும், "நாம் பத்து நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம்" என்று ஒலிபெருக்கியில் பெருமையாகச் சொல்வதும் இந்தச் சேமிப்பிலிருந்துதான். விமானி வழியில் வேகமாக மிதித்ததால் என்று நினைப்பவர்கள் உண்டு. 160 கிலோமீட்டர் பயணத்தில் மிதிக்க இடமே இல்லை.

அப்போ ஆறு மணி நேரம்?

அது இணைப்பு விமானத்தின் கணக்கு. சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில்தான் போவேன் என்று அடம்பிடித்தால், பெங்களூரோ சென்னையோ வந்து மாற வேண்டும். பெங்களூர் வழி என்றால் முதலில் வடக்கே 160 கிலோமீட்டர், அப்புறம் தெற்கே 500. மொத்தம் 660, நேராகப் போவதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. பெங்களூருக்கும் தூத்துக்குடிக்கும் நேர்கோடு போட்டால் அது சேலம் நிலையத்துக்கு மேற்கே முப்பது கிலோமீட்டருக்குள்ளாகப் போகும். காலையில் கிளம்பிய ஊரை மத்தியானம் ஜன்னல் வழியாக மறுபடி பார்க்கலாம், மேகம் இல்லாவிட்டால்.

இரண்டு விமானங்களின் பிளாக் டைமைக் கூட்டினால் இரண்டரை மணி. மீதி மூன்றரை மணி, பெங்களூர் முனையத்தில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. டிக்கெட் தளம் இதையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் "பயண நேரம்" என்று ஒரே எண்ணாகப் போடும். பக்கத்திலேயே "ஒரு நிறுத்தம்" என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தொட்டால் எவ்வளவு பறப்பது, எவ்வளவு காத்திருப்பது என்று விரிவாகக் காட்டும். பலர் தொடுவதில்லை.

கணக்கை வீட்டு வாசலிலிருந்து தொடங்கினால்

நமக்கு வேண்டியது விமானத்தின் நேரம் இல்லை, வீட்டிலிருந்து வீட்டுக்கு ஆகும் நேரம். அதை இந்த எண்கள் எதுவும் சொல்லாது. நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

எலக்ட்ரானிக் சிட்டியில் குடியிருப்பவர் சேலம் போகிறார் என்று எடுத்துக்கொள்வோம். விமான நிலையம் தேவனஹள்ளியில், நகரத்தின் மறுகோடியில், ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே. சேலம் தெற்கே. போய்ச் சேர இரண்டு மணி நேரம் வைப்பதே தைரியம்தான். கவுன்டர் மூடுவதற்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் முன்னதாக ஒன்றேகால் மணி. விமானம் ஒரு மணி. காமலாபுரத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சேலம் நகரத்துக்குள் போக முக்கால் மணி. ஐந்து மணி நேரம். அதே ஆள் வீட்டு வாசலில் காரில் ஏறி ஓசூர் சாலையைப் பிடித்தால், தருமபுரியில் நிறுத்தி டீ குடித்தும்கூட நான்கு மணிக்குள் சேலத்தில் இருப்பார்.

அவரே தூத்துக்குடி போவதாக இருந்தால் கணக்கு தலைகீழ். தேவனஹள்ளி போக அதே இரண்டு, காத்திருக்க ஒன்றேகால், விமானத்துக்கு 97 நிமிடம், வாகைக்குளத்திலிருந்து ஊருக்குள் போக முக்கால் மணி. ஐந்தரை, ஐந்தே முக்கால். சாலையில் அறுநூறு கிலோமீட்டர், பத்து மணி நேரம், வழியில் மதுரை சுற்றுச்சாலை நெரிசல் வேறு. நகரின் வடக்கே, விமான நிலையப் பக்கமாக ஹெப்பாளிலோ எலகங்காவிலோ இருப்பவருக்கு விமானக் கணக்கில் இன்னும் ஒன்றரை மணி மிச்சம்; அவர் தூத்துக்குடிக்கு விமானத்தையே பார்க்கலாம். சேலத்துக்கு என்றால் அவருக்கும் இரண்டும் ஏறக்குறைய சமம்தான், டிக்கெட் விலையைப் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும்.